பெங்களூரிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறீர்களா? காகிதத்தை முதலில் எடுத்து வையுங்கள்

முதல் தடவை எனக்குச் சீட் கைநழுவியதற்குக் காரணம் ஒரே ஒரு காகிதம். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில் வெட்டர்னரி ரேங்க் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்ததற்குச் சான்று கேட்ட இடத்தில் என்னிடம் ஆறு ஆண்டுக்குத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்பு வரை திருப்பத்தூர் பக்கம் பாட்டி வீட்டில் படித்தேன். நான்காம் வகுப்பிலிருந்து பெங்களூர் லிங்கராஜபுரம். நான்கு முதல் ஆறு வரை படித்த சின்னப் பள்ளியைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். அதன் பதிவேடு எங்கே போனது என்று தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குப் பத்தொன்பது நாள் ஆனது. அதற்குள் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. ஒரு வருடம் போயிற்று.

அடுத்த வருடம் திரும்ப எழுதி, இடம் வாங்கி, படித்து முடித்து, இப்போது மருத்துவராகப் பதிவு செய்து வேலை பார்க்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடும்போது கூட உட்கார்ந்திருந்தேன். இரண்டு வீட்டிலும் நான் பட்ட அதே குழப்பம். அப்பா அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், பிள்ளை இங்கே வளர்ந்தது, பாதிக் காகிதம் அங்கே, பாதிக் காகிதம் இங்கே. நம் வீடுகளுக்கென்றே இருக்கும் சிக்கல் இது. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தேதியும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறும். எனவே அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கால்நடை மருத்துவர் ஆக ஒரே வழிதான் உண்டு: பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம். மொத்தம் ஐந்தரை ஆண்டு. அதில் நாலரை ஆண்டு வகுப்பு, கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.வி.எஸ்சி.க்குப் போகலாம் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முடியாது. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ இருக்கிறது. நல்ல படிப்புதான், வேலையும் உண்டு. ஆனால் அதை முடித்தவர் மருத்துவர் ஆகமாட்டார். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். டிப்ளமோ முடித்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் மட்டும் செய்யலாம்.

விலங்குகளோடு வேலை வேண்டும், ஊசியும் கத்தியும் வேண்டாம் என்றால் வேறு படிப்புகளைப் பாருங்கள். பால் தொழில்நுட்பத்தில் பி.டெக். நான்கு ஆண்டு, பெங்களூர் ஹெப்பாளிலேயே பால் அறிவியல் கல்லூரி இருக்கிறது. மீன்வளம் படிக்க மங்களூருக்குப் போக வேண்டும். கோழியினத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்க ஓசூர் மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு கல்லூரி அங்கே இருப்பதே தெரியாது.

பி.யூ.சி., அதாவது இங்கே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு, சேரும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கால்நடை மருத்துவத்துக்குக் கணக்கு தேவையில்லை. பால் தொழில்நுட்பத்துக்குக் கணக்கு கேட்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணக்கையும் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும்.

தகுதி மதிப்பெண்ணில் பலர் மறந்துபோவது ஆங்கிலம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கையும் சேர்த்துத்தான் 50 சதவீதம் பார்க்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

2. விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரம் மாட்டுக் கொட்டகையில் நில்லுங்கள்

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் இந்தப் படிப்பை நினைக்கும்போது மனதில் வருவது நாய்க்குட்டியும் பூனையும். கல்லூரியில் முதல் வருடம் உங்கள் முன் இருப்பது மாடு. உடற்கூறியலில் மாட்டை அடிப்படையாக வைத்துத்தான் மற்ற விலங்குகளைப் படிப்பீர்கள். ஃபார்மலின் நெடியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பிறகு பண்ணை வேலை, சாணி, மூத்திரம், உதை. கடைசி ஆண்டுகளில் மாட்டின் ஆசனவாய்க்குள் தோள் வரை கையை விட்டுச் சினை பார்க்கப் பழகுவீர்கள். இதைக் கேட்டு முகம் சுளித்தால் தப்பில்லை. சேர்ந்த பிறகு சுளிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. என் வகுப்பில் ஒருவர் இரண்டாம் மாதமே விலகினார். அவருடைய இடம் வேறு யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

சீட் போன அந்த வருடத்தில் நான் ஒரு சிறு கிளினிக்கில் கூண்டு கழுவும் வேலைக்குப் போனேன். வாரத்தில் இரண்டு நாள் அல்சூர்ப் பக்கம் மாடு வைத்திருந்த ஒரு பெரியவர் வீட்டுக்கும் போவேன். அவர் பூர்வீகமும் தமிழ்நாடுதான், தருமபுரிப் பக்கம். "பொட்டப்புள்ள, ஏன்மா உனக்கு இந்த நாத்தம்?" என்று முதல் நாள் கேட்டார். ஒரு மாதம் கழித்து, மாடு அசை போடுவதை நிறுத்தினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம், மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார், காது மடல் சில்லென்று இருக்கிறதா பார் என்று ஒவ்வொன்றாக அவரே சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு மருத்துவப் பாடத்தில் அதையெல்லாம் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாக இருக்கவில்லை.

3. மூன்று வாசல் இருக்கிறது, மூன்றையும் தட்டுங்கள்

முதல் வாசல் கர்நாடக சி.இ.டி. நடத்துவது கே.இ.ஏ. என்ற கர்நாடகத் தேர்வு ஆணையம். கர்நாடகத்தின் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பெங்களூர் ஹெப்பாள், பீதர், சிவமொக்கா, ஹாசன், கதக் ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. சி.இ.டி.யில் ஒரு பாடத்துக்கு 60 கேள்வி, 80 நிமிடம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதனால் எந்தக் கேள்வியையும் விடாமல் நிரப்பிவிட்டு வாருங்கள். முடிவு வரும்போது பொறியியல், விவசாயம், வெட்டர்னரி என்று தனித்தனி ரேங்க் இருக்கும். உங்கள் தாளில் வெட்டர்னரி ரேங்க் அச்சாகியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்திலோ பி.யூ.சி. மதிப்பெண் விவரத்திலோ ஏதோ விடுபட்டிருக்கிறது, உடனே விசாரியுங்கள்.

இரண்டாவது வாசல் நீட். நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. இவற்றை நீட் ரேங்கை வைத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், அதாவது வி.சி.ஐ., நிரப்புகிறது. இங்கேதான் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பதிவு செய்தால் இதுவும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. வி.சி.ஐ. தளத்தில் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்டி, தனியாகக் கல்லூரி வரிசை கொடுக்க வேண்டும். நீட் விண்ணப்பக் கட்டணம் 2025-இல் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாயாக இருந்தது. டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும் நீட் எழுதுங்கள். அந்த 15 சதவீதத்துக்கு வேறு வழி கிடையாது.

மூன்றாவது வாசல் தமிழ்நாடு. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை, மாநில இடங்களுக்கு நீட் தேவையில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என ஏழு இடங்களில் கல்லூரிகள். வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டுப் பூர்வீகம் என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்க வழி உண்டு. இதைத்தான் எல்லோரும் 'நேட்டிவிட்டி' என்பார்கள். இதில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பால் தொழில்நுட்பம், மீன்வளம் போன்ற படிப்புகளில் ஒரு பங்கு இடங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கியூட் என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நிரப்புகிறது. கால்நடை மருத்துவம் அதில் வராது.

4. காகிதங்கள்: இரண்டாம் பி.யூ.சி. தொடங்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள்

ஏழு ஆண்டுப் படிப்புச் சான்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, கர்நாடகத்தில் ஏழு ஆண்டாவது படித்திருக்க வேண்டும் என்பது மாநில ஒதுக்கீட்டில் நம்மவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் விதி. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட படிப்புச் சான்று வாங்கி, பிறகு பி.இ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அதிகாரி, ஆபீஸில் மேலொப்பம் வாங்க வேண்டும். இப்போது பலருடைய படிப்பு ஆண்டுகளைச் சாட்ஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் பதிவு எண்) வைத்தே இணையத்தில் சரிபார்த்துவிடுகிறார்கள். உங்கள் விவரம் அங்கே முழுதாக இருந்தால் நிம்மதி. ஒரு வருடம் விடுபட்டிருந்தாலும் தாள் கேட்பார்கள். எனவே தாளை எப்படியும் வாங்கி வையுங்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: மேலொப்பம் போட வேண்டியவர், பள்ளி எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அந்த வட்டார அதிகாரி. வீடு இருக்கும் வட்டாரம் கணக்கில்லை. மூன்று பள்ளி மாறியவர் மூன்று ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும். பள்ளியை மூடிவிட்டார்கள் என்றால் நேராகப் பி.இ.ஓ. ஆபீஸுக்குப் போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். என் பள்ளியின் பதிவேடு அங்கேதான், ஒரு பீரோவின் அடித்தட்டில், கயிறு கட்டிக் கிடந்தது. என்னிடம் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டை ஒன்று இருந்ததால் சேர்க்கை எண் தெரிந்தது, எழுத்தர் உடனே பக்கத்தைப் புரட்டி எடுத்துவிட்டார். அந்த அட்டையை அம்மா பத்திரமாக வைத்திருக்காவிட்டால் இரண்டாவது வருடமும் போயிருக்கும். ஆகவே பழைய ரேங்க் கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சாதிச் சான்றிதழ். இதில் மனம் உடைந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்றிதழை வைத்து இங்கே ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதனதன் பட்டியல். அங்கே எம்.பி.சி.யாக இருக்கும் சமூகம் இங்கே வேறு பிரிவில் இருக்கலாம், பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். கர்நாடகத் தாசில்தாரிடம், 'நாடகச்சேரி' என்ற உள்ளூர் வருவாய் அலுவலகம் வழியாக விண்ணப்பித்து, ஆர்.டி. என்று தொடங்கும் எண் உள்ள சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த எண்ணைத்தான் விண்ணப்பத்தில் பதிய வேண்டும். இங்கே பிற்படுத்தப்பட்டோரைப் பிரித்திருக்கும் 2ஏ, 2பி, 3ஏ, 3பி பிரிவுகளுக்கு வருமானமும் சேர்த்துப் பார்ப்பார்கள். குடும்பம் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்டால், அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருவாய்த் துறை ஆள் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நாளில் யாராவது வீட்டில் இருங்கள். அரசுக் கட்டணம் மிகச் சிறிய தொகைதான். வாசலில் நிற்கும் தரகர் ஆயிரக்கணக்கில் கேட்பார். கொடுக்காதீர்கள், அவராலும் மூன்று வாரத்தை மூன்று நாள் ஆக்க முடியாது.

தமிழ்நாட்டு நேட்டிவிட்டி. சொந்த ஊர்ப் பக்கம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். முதலில் 'கேன்' என்ற குடிமக்கள் பதிவு எண் ஒன்று உருவாக்குவார்கள். அதன் பிறகு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். ஊரில் தாத்தா பாட்டி இருந்தால், வீட்டு வரி ரசீது இருந்தால், வேலை சுலபம். நான் சொன்ன எச்சரிக்கை இதுதான்: ஒரே பிள்ளை இரண்டு மாநிலத்திலும் தன்னைப் பூர்வீகம் என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. கர்நாடகத்தில் ஏழாண்டுப் படிப்பு விதியில் இடம் கேட்பது வேறு, பூர்வீகம் என்று உறுதிமொழி தருவது வேறு. எந்தத் தாளில் என்ன வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்று அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போடுங்கள். பிற்பாடு தெரிந்தால் சேர்ந்த இடமும் போய்விடும்.

பெயரும் இனிஷியலும். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. அட்டையில் 'மீனா எஸ்', ஆதாரில் 'மீனா செல்வம்', சாதிச் சான்றிதழில் 'எஸ் மீனா', பாஸ்புக்கில் இன்னொன்று. எஸ்.எஸ்.எல்.சி.யில் இருப்பதையே அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டையும் பாருங்கள். பிள்ளையின் அட்டையில் ஒரு எழுத்தும் அப்பாவின் ரேஷன் கார்டில் ஓர் எழுத்தும் வித்தியாசப்பட்டு, வருமானச் சான்றிதழ் திரும்பி வந்ததை நேரில் பார்த்தேன்.

கிராமத்தில் பத்தாவது வரை படித்தவர்களுக்கும் கன்னட வழியில் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒன்று முதல் பத்து வரை பத்து வருடமும் அப்படிப் படித்திருந்தால் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, போனில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி, தாளில் ஐந்து பிரதி. அசலைக் கல்லூரியில் ஒப்படைத்தால் ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வி.சி.ஐ. கலந்தாய்வு பெரும்பாலும் பின்னால்தான் வரும். அப்போது அசல் முதல் கல்லூரியில் இருக்கிறது என்று காட்ட அந்தச் சீட்டுதான் உதவும்.

5. எப்போது எது வரும்

நான் கவனித்த வரையில் வரிசை இப்படிப் போகிறது. சி.இ.டி. விண்ணப்பம் ஜனவரி, பிப்ரவரியில். நீட் விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில். சி.இ.டி. தேர்வு ஏப்ரலில். நீட் மே மாத முதல் ஞாயிறு. தமிழ்நாட்டு விண்ணப்பம் மே கடைசியில் திறந்து ஜூனில் மூடிவிடும். ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஆகஸ்ட், செப்டம்பரைத் தாண்டியும் இழுக்கும். பொறியியல் படிக்கும் தோழர்கள் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருப்பார்கள், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அந்தப் பதற்றத்தில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிடாதீர்கள்.

6. ஆப்ஷன் கொடுக்கும் நாள்

கே.இ.ஏ. கலந்தாய்வில் எல்லாப் படிப்பும் ஒரே பட்டியலில் வரும். எது மேலே இருக்கிறதோ அதைத்தான் முதலில் கொடுக்கும். பி.எஸ்சி. அக்ரி மேலே, வெட்டர்னரி கீழே என்று எழுதிவிட்டு, பிறகு அக்ரி கிடைத்துவிட்டதே என்று அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். கால்நடை மருத்துவம்தான் வேண்டுமென்றால் எல்லாக் கல்லூரிகளையும் மேலே போடுங்கள், பீதரும் கதக்கும் உட்பட. ஹெப்பாள் மட்டும் போதும் என்று ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பாடத்திட்டம் எல்லா இடத்திலும் வி.சி.ஐ. வகுத்த ஒன்றேதான், பட்டத்தில் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் வெளியூர்க் கல்லூரிகளுக்கு வரும் மாடுகளும் எருமைகளும் அதிகம், கை நன்றாகப் பழகும்.

மாதிரி ஒதுக்கீட்டுக்குப் பிறகு வரிசையை மாற்ற வாய்ப்பு தருவார்கள். நிஜ ஒதுக்கீடு வந்ததும் நான்கு 'சாய்ஸ்' வரும். ஒன்று, கிடைத்தது போதும், சேருகிறேன். இரண்டு, இது இருக்கட்டும், மேலே இருப்பது கிடைத்தால் மாறுகிறேன். மூன்று, இது வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன். நான்கு, நான் விலகுகிறேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சைபர் கஃபே அண்ணனிடம் விட்டுவிடாதீர்கள். மூன்றை அழுத்தினால் கையில் இருப்பது போய்விடும், திரும்ப வராது. இரண்டை அழுத்திய பிறகு மேலே இருப்பது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். அதனால் உண்மையாகவே போக விரும்பாத எதையும் பட்டியலின் மேலே வைக்காதீர்கள். கடைசிச் சுற்றில் இடம் எடுத்துவிட்டு விலகினால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது.

'வெளிமாநிலத்தில் மேனேஜ்மென்ட் சீட், நேராக அட்மிஷன்' என்று போன் வரும். அந்தக் கல்லூரிக்கு வி.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கவுன்சிலின் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்தாலும் பதிவு எண் கிடைக்காது.

7. செலவு

அரசுக் கல்லூரிக் கட்டணம் தனியார் மருத்துவக் கல்லூரியோடு ஒப்பிட்டால் எங்கோ கீழே. என் அப்பா ஆட்டோ ஓட்டிப் படிக்க வைத்தார், கடன் வாங்கவில்லை. ஆனால் கட்டணத்தைத் தவிர வரும் செலவுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெள்ளைக் கோட் இரண்டு, பண்ணைக்கு ஏப்ரன், கம்பூட், டிசெக்ஷன் பாக்ஸ், பின்னால் ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர். கம்பூட்டை மலிவாக வாங்காதீர்கள், ஈரத் தரையில் வழுக்கினால் காலை மாடு மிதிக்கும். புத்தகத்தைச் சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கலாம். ஹாஸ்டல் மெஸ் பில் மாதாமாதம் வரும். கடைசி ஆண்டில் கல்விச் சுற்றுலா இருக்கும், அதற்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்.

வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள், ஏழாம் நாள், மூன்று அல்லது நான்கு வாரம் கழித்து என மூன்று ஊசி. கிளினிக்கில் கால் வைக்கும் முன் முடித்துவிடுங்கள். நாய் கடித்தால்தான் என்று இல்லை, வெறி பிடித்த மாட்டின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடுவதும் இந்தத் தொழிலில் நடக்கும். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும்போது தோள் வரை வரும் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். புரூசெல்லா என்ற கிருமி தொற்றினால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டு வலியும்.

உதவித்தொகைக்கு முதல் மாதமே விண்ணப்பியுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் ஆண்டில் மாத உதவித்தொகை உண்டு, ஆனால் சில நேரம் தாமதமாக வரும், அதை நம்பி வாடகை பேசாதீர்கள்.

8. சேர்ந்த பிறகு

நாலரை ஆண்டு வகுப்பை நான்கு 'தொழில்முறை ஆண்டு'களாகப் பிரிப்பார்கள்: முதல் மூன்றும் பன்னிரண்டு மாதம், நான்காவது பதினெட்டு மாதம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. உடற்கூறியலில் தடுமாறாதவர்கள் குறைவு. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், படத்தை மட்டும் பார்த்தால் நிற்காது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். மாட்டுக்காரர் பேசுவது கன்னடம். பெங்களூரில் வளர்ந்தும் கடைத் தெருக் கன்னடம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள். ஹொசகோட்டே பக்கம் முகாமுக்குப் போனபோது ஓர் அம்மா "கரு மேவு தின்னல்ல" என்றார். தமிழில் கரு என்றால் வயிற்றுக்குள் இருப்பது, நான் சினை மாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் கரு என்றால் கன்று. அந்த அம்மாவின் கன்று தீவனம் தின்னாமல் ஓரமாகப் படுத்திருந்தது. 'மேவு' தீவனம், 'சகணி' சாணி, 'ஹசு' பசு, வட கர்நாடகத்தில் 'ஆகளு'. 'எஷ்டு தின ஆய்து?', 'சகணி ஹேகிதெ?' என்று கேட்கத் தெரிந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கன்னடம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கர்நாடக அரசு வேலைக்கு, இங்குள்ள அரசுப் பணியாளர் தேர்வாணையமான கே.பி.எஸ்.சி. வழியாகப் போனால் கட்டாயக் கன்னடத் தாள் உண்டு. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தமிழ்த் தாள். பள்ளியில் இரண்டு மொழியையும் படிக்காமல் வந்தவர்கள் இரண்டு பக்கமும் நுழைய முடியாமல் நிற்கிறார்கள். இது கசப்பான உண்மை, பத்தொன்பது வயதிலேயே சரிசெய்துவிடலாம்.

9. படித்து முடித்தால் என்ன வேலை

நிறைய வேலை இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வீட்டுப் பிராணிகள் கிளினிக்கில் பெங்களூரில் இடம் சுலபமாகக் கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் ஐந்தரை ஆண்டுப் படிப்புக்குக் குறைவாகத்தான் தோன்றும். முதல் இரண்டு ஆண்டு நல்ல அறுவை சிகிச்சை மருத்துவரின் கீழ் நில்லுங்கள், சொந்தக் கிளினிக்கை அதற்குப் பிறகு யோசியுங்கள்.

அரசுக் கால்நடை மருத்துவர் பணி நிலையானது. அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே தயாராக இருங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ வண்டிகளிலும் ஒப்பந்த வேலை உண்டு. பால் கூட்டுறவு ஒன்றியங்கள் மருத்துவர்களை எடுக்கின்றன. கோழித் துறையில் போக நினைத்தால் நாமக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் பாருங்கள். ராணுவத்தின் ரிமவுன்ட் வெட்டர்னரி கோர் குதிரை, கோவேறு கழுதை, நாய்ப் படைகளைக் கவனிக்கும் பிரிவு. வங்கிகளின் விவசாயக் கள அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். இந்திய வனப்பணித் தேர்வுக்கும் இது தகுதியான பட்டம். யு.பி.எஸ்.சி.யில் கால்நடை மருத்துவத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவருக்கு இந்த ஊரைப் போல இன்னொரு ஊர் கிடைப்பது கடினம். ஆடுகோடியில் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் தேசிய நிறுவனமும் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் இருக்கின்றன. எலஹங்காப் பக்கம் நோய்ப் பரவலியல் நிறுவனமான நிவேதி, ஹெப்பாளில் தடுப்பூசி தயாரிக்கும் மாநில நிறுவனம், ஹெசரகட்டாவில் மத்தியக் கோழிப் பண்ணை. எலி, முயல் வைத்துச் சோதனை செய்யும் ஆய்வகங்களின் நெறிமுறைக் குழுவில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தாக வேண்டும். மருந்து ஆய்வு நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில் அது நல்ல வேலை, நம் பிள்ளைகள் கேள்விப்படாத வேலை. எம்.வி.எஸ்சி. இரண்டு ஆண்டு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் உதவித்தொகையோடு படிக்கலாம்.

கடைசியாக, பதிவு. இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன் மாநிலக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, முடித்ததும் நிரந்தரப் பதிவு. பட்டச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல் தற்காலிகச் சான்றிதழும் இன்டர்ன்ஷிப் நிறைவுச் சான்றும் கையில் வந்த வாரமே போய்விடுங்கள். நிறைவுச் சான்றில் பெயரும் இனிஷியலும் எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போனால் பதிவை அங்கே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் அதே பழைய கோப்புதான் தேவைப்படும்.